ஜிம் குரோ காலத்து நீதிமன்றத்தில் யார் பெண்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் நிறப்பிரிவினை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பேருந்து இருக்கையும் தண்ணீர்க் குழாயும்தான். போலீஸ், நீதிமன்றம், சிறை இந்த மூன்றிலும் அது எப்படி வேலை செய்தது, அதிலும் பெண்கள் விஷயத்தில் எப்படி இரண்டு முகம் காட்டியது என்று பேச ஆரம்பித்தால் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். அடிக்கடி வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில நாலே வரி. பாலியல் வன்முறையும் கொலையும் பேச்சில் வரும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஜிம் குரோ காலம் என்பது எந்த ஆண்டுகள்? யார் இந்த ஜிம் குரோ?

அப்படி ஓர் ஆள் கிடையாது. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய மேடைக் கூத்தில் வரும் பாத்திரம் அது. பிறகு அந்தப் பெயர் பிரிவினைச் சட்டங்களுக்கே ஒட்டிக்கொண்டது.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. 1877இல் மத்திய அரசின் படைகள் தெற்கிலிருந்து விலகியதும் பழைய முதலாளிகள் கை மறுபடி ஓங்கியது. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றமே "தனித்தனி, ஆனால் சமம்" என்று முத்திரை குத்திக் கொடுத்தது. 1964 சிவில் உரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் வரை இந்தக் காலம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

பிரிவினை என்பது தனி இருக்கை, தனிப் பள்ளிக்கூடம்தானே? குற்றவியல் சட்டம் எங்கே வந்தது?

முதலில் வந்ததே அதுதான். அடிமைமுறையை ஒழித்த, அமெரிக்க அரசமைப்பின் 13ஆவது திருத்தத்தில் ஒரு சின்ன விலக்கு இருக்கிறது: குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் கட்டாய உழைப்பு செல்லும். அந்த ஓட்டை வழியாக ஒரு தொழிலே நுழைந்துவிட்டது. வேலை இல்லாமல் திரிவது குற்றம், முதலாளியிடம் போட்ட ஒப்பந்தத்தை விட்டுப் போவது குற்றம் என்று சட்டம் போட்டார்கள். பிடிபட்டவருக்கு அபராதம் விழும். கட்டக் காசு இருக்காது. அப்புறம் அரசு அந்தக் கைதியைச் சுரங்கத்துக்கோ இரயில் பாதை போடும் கம்பெனிக்கோ வாடகைக்கு விடும்.

ஜார்ஜியாவில் இந்தக் கைதி வாடகை முறை 1868இல் தொடங்கி 1908 வரை நடந்தது. அலபாமாவில் 1928 வரை இழுத்தது. அடிமையை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அவர் செத்தால் நட்டம். வாடகைக்கு எடுத்தவனுக்கு அந்தக் கவலையும் இல்லை, ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். அந்த முகாம்களில் ஏன் அவ்வளவு சாவு என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை.

பெண் கைதிகளையும் இப்படி அனுப்பினார்களா?

அனுப்பினார்கள். ஜார்ஜியாவில் செங்கல் சூளை, இரயில் பாதை, பண்ணை என்று ஆண்களோடு அதே முகாம்களில் பெண்களும் வேலை செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பினப் பெண்கள். காவலாளிகளின் வன்முறைக்கு அங்கே கேள்வி முறை இல்லை. முகாமிலேயே குழந்தை பிறந்த கதைகளும் உண்டு.

1908க்குப் பிறகு ஒரு பகுதிப் பேர் மில்லட்ஜ்வில் சிறைப் பண்ணைக்குப் போனார்கள். மீதிப் பேரை மாவட்டச் சாலை முகாம்களில், காலில் சங்கிலியோடு சாலை போடும் கூட்டத்தில் சேர்த்தார்கள். அடுத்த 30 ஆண்டுகளில் ஜார்ஜியாவில் அந்தச் சங்கிலிக் கூட்டத்துக்குத் தண்டனை பெற்ற கறுப்பினப் பெண்கள் ஏறக்குறைய 2,000 பேர். வெள்ளைப் பெண்கள் 4 பேர்.

இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பெண் உடம்புக்கு இந்த வேலை ஆகாது, பெண்ணைச் சங்கிலியில் பூட்டுவது அநாகரிகம் என்று வெள்ளைப் பெண்கள் விஷயத்தில் நீதிபதிகளுக்குத் தோன்றியது. அதே நீதிபதிக்கு அடுத்த வழக்கில் அது தோன்றவில்லை. சில கறுப்பினப் பெண்களை "பரோல்" என்று வெளியே விட்டதும் எங்கே தெரியுமா? வெள்ளையர் வீட்டில் சமையலும் துவையலும் செய்ய. சிறைக் காவலர் போய் வீட்டு எஜமானி வந்தார், அவ்வளவுதான்.

சிறுமிகள் கதி இன்னும் மோசம். வெர்ஜீனியாவில் 8 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி சிறையில் இருப்பதைப் பார்த்துக் கொதித்துப்போன ஜேனி போர்ட்டர் பாரெட், கறுப்பினப் பெண்கள் சங்கங்களிடம் நிதி திரட்டி 1915இல் சிறுமிகளுக்கென்று ஒரு சீர்திருத்தப் பள்ளியைத் தொடங்கினார். வெள்ளைச் சிறுமிகளுக்கு அரசு செய்ததைக் கறுப்பினச் சிறுமிகளுக்குச் செய்ய, முதலில் அந்தச் சமூகத்துப் பெண்களே கைக்காசு போட வேண்டியிருந்தது.

"பெண்களைக் காப்பாற்றத்தான் கும்பல் கொலை நடந்தது" என்று அந்தக் காலத்தில் சொன்னார்களாமே?

அதைத்தான் சொன்னார்கள். அதை முதலில் கணக்குப் போட்டு உடைத்தவர் ஐடா பி. வெல்ஸ். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1862இல் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர். பள்ளி ஆசிரியை. 20 வயது தாண்டிய புதிதில் ஒரு நாள் டென்னசியில் ரயிலில் மகளிர் பெட்டிக்கான டிக்கெட்டோடு ஏறி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்து, புகைபிடிக்கும் ஆண்கள் உட்காரும் முன்பெட்டிக்குப் போகச் சொன்னார். இவர் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தபோது, அந்தக் கையைக் கடித்துவிட்டார். கண்டக்டர் இன்னும் இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து இழுத்து இறக்கினார். பெட்டியிலிருந்த வெள்ளைச் சீமாட்டிகள் கை தட்டினார்கள். வழக்குப் போட்டு 1884இல் 500 டாலர் இழப்பீடு வாங்கினார். 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பறித்தது. இவர் நல்லெண்ணத்தோடு இருக்கை தேடவில்லையாம், தொந்தரவு கொடுப்பதே நோக்கமாம்.

"மகளிர்" என்று எழுதியிருந்த பெட்டியில் ஏற ஐடா வெல்ஸுக்கு இடமில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் வரும் எல்லா வழக்குகளும் அந்தப் பெட்டி வாசலில்தான் நிற்கின்றன.

1892 மார்ச்சில் மெம்பிசில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் இன்னும் இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாஸ் ஒரு தபால்காரர், கூட்டாக ஒரு மளிகைக் கடையும் வைத்திருந்தார். எந்தப் பெண்ணும் அந்த விவகாரத்தில் சம்பந்தப்படவில்லை. எதிர்க்கடை வெள்ளை வியாபாரிக்குப் போட்டியாக இருந்ததுதான் குற்றம். வெல்ஸ் அதன் பிறகு கும்பல் கொலைகளை ஒவ்வொன்றாகத் தோண்டினார். வல்லுறவு என்ற குற்றச்சாட்டாவது இருந்தது மூன்றில் ஒரு பங்கில்தான் என்று கண்டார். அதிலும் பலவற்றில் இருவரும் விரும்பிய உறவு வெளியே தெரிந்ததும் "வல்லுறவு" ஆகியிருந்தது. இதைத் தன் பத்திரிகையில் எழுதினார். அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து அச்சகத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் மெம்பிசுக்குத் திரும்பவே முடியவில்லை.

கும்பல் கொலைக்குப் பெண்களும் பலியானார்களா?

ஆமாம். 1877க்கும் 1950க்கும் நடுவே ஆவணப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவர் கும்பல் கொலைகள் 4,400க்கு மேல். அவற்றில் பெண்களும் உண்டு. 1918 மே மாதம் ஜார்ஜியாவில் மேரி டர்னர், தன் கணவரைக் கொன்றவர்கள் மேல் வாரண்ட் வாங்கப் போவதாகச் சொன்னதற்காகக் கொல்லப்பட்டார். அவர் 8 மாதக் கர்ப்பிணி. எப்படிக் கொன்றார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. "பெண்களைக் காப்பாற்ற" என்று சொன்னவர்கள்தான் அதைச் செய்தவர்கள், அது போதும்.

வல்லுறவுக்கு மரண தண்டனை இருந்ததே, அது எல்லோருக்கும் பொதுச் சட்டம்தானே?

சட்டப் புத்தகத்தில் நிறம் இல்லை. தூக்கிலும் மின்சார நாற்காலியிலும் இருந்தது. 1930 முதல் அமெரிக்காவில் வல்லுறவுக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் 455 பேர். அவர்களில் 405 பேர் கறுப்பின ஆண்கள். வெர்ஜீனியாவில் 1908 முதல் 1951 வரை இந்தக் குற்றத்துக்காக 45 பேரை மின்சார நாற்காலியில் உட்காரவைத்தார்கள். 45 பேரும் கறுப்பினத்தவர். 1951 பிப்ரவரியில் மட்டும், ஒரே வழக்கில், மார்ட்டின்ஸ்வில் ஊர்க்காரர்கள் 7 பேர்.

அவர்களுடைய வழக்கறிஞர்கள் இந்தப் புள்ளிவிவரத்தையே மேல்முறையீட்டில் வைத்தார்கள். வெள்ளையருக்கு ஒருமுறைகூடக் கொடுக்காத தண்டனை எப்படிப் பொதுச் சட்டம் ஆகும் என்று கேட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்றால் என்ன?

1931 மார்ச் 25. பெரும் பொருளாதார மந்தக் காலம். வேலை தேடிச் சரக்கு ரயிலில் டிக்கெட் இல்லாமல் போன கறுப்பினப் பையன்கள் 9 பேரை அலபாமாவில் பெயின்ட் ராக் என்ற நிலையத்தில் பிடித்தார்கள். முதலில் வெள்ளைப் பையன்களோடு அடிதடி என்றுதான் புகார். அதே ரயிலில் இரண்டு வெள்ளைப் பெண்கள் இருந்தது தெரிந்ததும் அது வல்லுறவு வழக்கு ஆனது. எல்லோரிலும் சின்னப் பையனுக்கு 13 வயது. இரண்டே வாரத்தில் ஸ்காட்ஸ்பரோ ஊரில் விசாரணை முடிந்து 8 பேருக்கு மரண தண்டனை. வாதாட வந்த வழக்கறிஞர்களில் ஒருவர் நில விவகாரம் பார்க்கிறவர், இன்னொருவர் தள்ளாத வயதுக்காரர்.

இந்த வழக்கிலிருந்து இரண்டு பெரிய தீர்ப்புகள் வந்தன. 1932இல், உயிர் போகும் வழக்கில் உருப்படியான வழக்கறிஞர் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1935இல், கறுப்பினத்தவரை ஒதுக்கிவிட்டு ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் ஊர்மக்கள் குழு, அமைக்கக் கூடாது என்றது.

அந்த இரண்டாவதில் ஒரு காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயரும் இருக்கிறதே என்று மாவட்டத்துக்காரர்கள் பேரேட்டைக் காட்டினார்கள். பட்டியல் முடிந்த இடத்தில் முன்பே சிவப்புக் கோடு போட்டிருந்தது. கறுப்பினத்தவர் பெயர்கள் அந்தக் கோட்டின் மேலேயே எழுதப்பட்டிருந்தன. அதாவது கோடு போட்ட பிறகு, வழக்கு வந்த பிறகு, யாரோ உட்கார்ந்து செருகியது. வழக்கறிஞர் சாமுவேல் லீபோவிட்ஸ் அந்தப் பேரேட்டை வாஷிங்டனுக்கே தூக்கிக்கொண்டு போனார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராகப் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்கள். பத்திரம் திருத்தியதைக் கண்டுபிடிக்கிற கதை நம்மூர் தாலுகா ஆபீசிலும் கேட்டிருக்கிறோம், ஆனால் இங்கே அந்தக் கோட்டின் மேல் சில பையன்களின் உயிர் இருந்தது.

அந்த வழக்கில் புகார் சொன்ன பெண்கள் பொய் சொன்னார்களா?

இருவரில் ஒருவரான ரூபி பேட்ஸ் 1933இல் கூண்டில் ஏறி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மாற்றிச் சொன்னார். ஜூரி அதற்கும் மசியவில்லை. நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் மருத்துவச் சாட்சியங்களைப் பார்த்துவிட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். அடுத்த தேர்தலில் அவர் நீதிபதி பதவி போனது.

இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு பெண்களும் பஞ்சாலைத் தொழிலாளிகள், பரம ஏழைகள். ரயிலில் திருட்டுப் பயணம் செய்ததற்கு அவர்களையே சிறையில் தள்ளியிருக்கலாம். சாதாரண நாளில் ஊர் அவர்களை மதித்ததே இல்லை. கறுப்பினப் பையன்கள் மேல் கை காட்டிய நிமிடத்திலிருந்து அவர்கள் தெற்கின் மானம் ஆகிவிட்டார்கள். ரூபி மாற்றிச் சொன்னதும் அந்த மரியாதை போய்விட்டது.

கறுப்பினப் பெண் புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

அடிமைக் காலத்திலிருந்தே பார்க்கலாம். 1855இல் மிசூரியில் சீலியா என்ற அடிமைப் பெண், வருடக்கணக்காகத் தன்னை வன்கொடுமை செய்த எஜமானனைக் கொன்றார். அவருடைய வழக்கறிஞர் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார்: "எந்தப் பெண்ணையும்" பலவந்தம் செய்வது குற்றம் என்றுதானே இருக்கிறது? அந்தப் "பெண்" என்ற சொல்லில் அடிமை அடங்க மாட்டாள் என்று நீதிபதி முடிவெடுத்தார். சீலியாவைத் தூக்கிலிட்டார்கள்.

அடிமைமுறை போன பிறகு சட்டத்தின் சொற்கள் மாறின. நடைமுறை எவ்வளவு மாறியது என்பதற்கு ரெசி டெய்லர் வழக்கு.

1944 செப்டம்பர் 3, அலபாமாவின் அபவில். 24 வயது ரெசி டெய்லர், ஒரு சின்ன மகளின் தாய். தேவாலயத்தில் ராத்திரி ஆராதனை முடிந்து தெரிந்த இருவரோடு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். பச்சை நிற ஷெவர்லே கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஆயுதத்தோடு 7 வெள்ளை இளைஞர்கள் அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். 6 பேர் வன்கொடுமை செய்தார்கள். வெளியே சொன்னால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டிச் சாலையில் இறக்கிவிட்டார்கள்.

அவர் அன்று ராத்திரியே சொன்னார். தந்தையிடம், கணவரிடம், மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிப்பிடம். காரை அடையாளம் வைத்து ஓட்டியவனைப் பிடித்தார்கள். அவன் மற்ற 6 பேர் பெயரையும் சொன்னான். 250 டாலர் பிணை, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கைத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி அக்டோபரில் கூடியது. எல்லோரும் வெள்ளையர், எல்லோரும் ஆண்கள். அடையாள அணிவகுப்பு கூட நடத்தாமல், வழக்குக்கு முகாந்திரம் இல்லை என்று கலைந்தார்கள். நாடெங்கும் கூச்சல் எழுந்ததால் ஆளுநர் தனி விசாரணைக்கு உத்தரவிட்டார். அதில் ஒருவன் ஏறக்குறைய ரெசி சொன்னபடியே நடந்தது என்று ஒப்புக்கொண்டான். 1945 பிப்ரவரியில் இரண்டாவது கிராண்ட் ஜூரியும் அதே பதிலைச் சொன்னது.

இதற்கு நடுவே அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். குடும்பத்தோடு தந்தை வீட்டுக்குப் போனார். ராத்திரி எல்லோரும் உள்ளே போனதும் தந்தை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொல்லையிலிருந்த மலைவேம்பு மரத்தில் ஏறி உட்காருவார். விடிந்த பிறகுதான் இறங்கித் தூங்கப் போவார். ஆசியாவிலிருந்து போய் அமெரிக்கத் தெற்கில் வீட்டுக்கு வீடு வேர் விட்ட அதே மரம். போலீஸ் செய்ய வேண்டிய வேலையை ஒரு கிழவர் மரக்கிளையில் உட்கார்ந்து செய்தார்.

இந்த வழக்கை விசாரிக்க வந்தவர் ரோசா பார்க்ஸ் என்கிறார்களே, பேருந்து ரோசா பார்க்ஸா?

அவரேதான். 1955இல் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானாரே, அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, மாண்ட்கமரியில் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பினத்தவர் உரிமைச் சங்கக் கிளையின் செயலாளர் என்ற முறையில் அபவில்லுக்குப் போய் ரெசியின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார். பிறகு "திருமதி ரெசி டெய்லருக்குச் சம நீதி கோரும் குழு" அமைவதில் முன்னின்றார். கால் வலித்த தையல்காரி ஒருவர் திடீரென்று எழுந்திருக்க மறுத்தார் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே, அது பாதிக் கதைகூட இல்லை.

தற்காப்புக்காகத் திருப்பித் தாக்கினால் சட்டம் ஏற்றுக்கொள்ளாதா?

யார் திருப்பித் தாக்கினார் என்பதைப் பொறுத்தது.

லீனா பேக்கர், ஜார்ஜியாவில் கத்பர்ட் ஊர்க்காரர், 3 பிள்ளைகளின் தாய். வீட்டு வேலைக்கு வைத்திருந்த வெள்ளைக்காரர் அவரை மாவு மில்லில் அடைத்து வைத்தார். தப்பிக்கப் பார்த்தபோது நடந்த இழுபறியில் துப்பாக்கி வெடித்து அந்த ஆள் செத்தார். 1944 ஆகஸ்ட் 14 அன்று ஒரே நாளில் விசாரணை முடிந்தது. மேசை மேல் கைத்துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துகிறவர் என்று பெயரெடுத்த நீதிபதி. அரை மணி நேரத்துக்குள் ஜூரி தீர்ப்புச் சொன்னது. 1945 மார்ச் 5 அன்று மின்சார நாற்காலியில் லீனாவின் உயிர் போனது. நான் செய்தது என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

ரோசா லீ இங்க்ரம் வழக்கு 1947இல், அதே ஜார்ஜியாவில். கணவரை இழந்தவர், 12 பிள்ளைகள். கால்நடை தன் நிலத்தில் மேய்ந்துவிட்டது என்று துப்பாக்கியோடு வந்த பக்கத்து நிலத்து வெள்ளைக்காரர் அவரை அடித்தார். மகன்கள் ஓடிவந்தார்கள், கைகலப்பில் அந்த ஆள் இறந்தார். தாய்க்கும் பதின்ம வயது மகன்கள் இருவருக்கும் மரண தண்டனை. இதுவும் ஒரு நாள் விசாரணைதான்.

இங்கே ஒரு வித்தியாசம் நடந்தது: ஊர் ஊராகப் பெண்கள் கிளம்பினார்கள். சில வாரங்களில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 1949இல், 80 வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண் உரிமைப் போராளி மேரி சர்ச் டெரல், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் எழுதிக் கொடுத்த மனுவை எடுத்துக்கொண்டு ஐக்கிய நாடுகள் சபை வரை போனார். அப்படியும் தாயும் மகன்களும் வெளியே வர 1959 ஆனது.

ஜூரியில் ஒரு பெண்கூட இல்லையா? பெண்களுக்கு 1920இலேயே வாக்குரிமை வந்துவிட்டதே?

வாக்குரிமை வந்தால் ஜூரியில் உட்காரலாம் என்று எங்கேயும் எழுதவில்லை. அலபாமாவில் 1966 வரை சட்டப்படியே பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது, வெள்ளைப் பெண்ணாக இருந்தாலும். மிசிசிப்பியில் 1968 வரை. புளோரிடாவில் விருப்பமுள்ள பெண்கள் தாமாகப் போய்ப் பெயர் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். டாம்பா பகுதியில் வாக்காளராகப் பதிந்த ஏறக்குறைய 46,000 பெண்களில் பெயர் கொடுத்தவர்கள் 220 பேர். பெண்ணின் இடம் வீடு என்ற காரணத்தைச் சொல்லி 1961இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது, ஒருமனதாக.

அலபாமாவின் தடையை உடைத்த வழக்கில் எழுத்து வாதத்தைத் தயாரித்தவர்களில் ஒருவர் பாலி மரே, கறுப்பினப் பெண் வழக்கறிஞர். நிறத்தால் விலக்குவதும் பாலினத்தால் விலக்குவதும் ஒரே நோய் என்று அவர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1966 தீர்ப்பு இரண்டையும் சேர்த்தே அடித்தது.

வெள்ளைப் பெண்கள் யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தவர்கள் உண்டு. 1930இல் அட்லாண்டாவில் ஜெஸ்ஸி டேனியல் ஏம்ஸ், கும்பல் கொலையைத் தடுக்கத் தென்மாநிலப் பெண்கள் சங்கம் தொடங்கினார். எங்கள் பெயரைச் சொல்லிக் கொலை செய்யாதீர்கள் என்பது அவர்கள் வாதம். கிராமத்து ஷெரிப்புகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். நல்ல வேலைதான். ஆனால் சங்கத்தில் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவில்லை. மத்திய அரசு சட்டம் கொண்டுவருவதையும் ஏம்ஸ் ஆதரிக்கவில்லை. ஐடா வெல்ஸ் கேட்டது அந்தச் சட்டத்தைத்தான். அது வந்தது 2022இல்.

நிறம் மாறிக் கல்யாணம் செய்தால் நிஜமாகவே ஜெயிலா?

ஆமாம். 1958இல் வெர்ஜீனியாவில் மில்ட்ரெட், ரிச்சர்ட் லவிங் தம்பதியின் படுக்கையறைக்குள் அதிகாலை 2 மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு ஷெரிப் நுழைந்தார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சான்றிதழைக் காட்டினார்கள். இங்கே அது செல்லாது என்றார். ஒரு வருடச் சிறை, அல்லது 25 வருடம் மாநிலத்துக்குள் சேர்ந்து வரக் கூடாது. 1967இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டங்களை ரத்து செய்தது. அலபாமா தன் அரசமைப்பிலிருந்து அந்த வரியை எடுக்க 2000 ஆனது.

எப்போது மாற ஆரம்பித்தது?

ஒரு தேதி சொல்ல முடியாது. 1959 மே மாதம் புளோரிடாவின் டாலஹாசியில் கறுப்பினக் கல்லூரி மாணவி ஒருவரை 4 வெள்ளை இளைஞர்கள் கடத்தி வன்கொடுமை செய்தார்கள். மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துக் கூடினார்கள். முழு வெள்ளை ஜூரி அந்த நால்வரையும் குற்றவாளிகள் என்றது, ஆயுள் தண்டனை. அதுவரை கேள்விப்படாத தீர்ப்பு. அதே நேரம், இதே குற்றத்துக்குக் கறுப்பினத்தவர் என்றால் நாற்காலிதான் என்பதையும் ஊர் கவனித்தது.

1975இல் வட கரோலினாவில் ஜோன் லிட்டில் வழக்கு. சிறைக்குள் தன்னிடம் அத்துமீறிய காவலரை ஐஸ் குத்தும் ஊசியால் குத்திக் கொன்ற 20 வயதுப் பெண். வெள்ளையர் பாதி, கறுப்பினத்தவர் பாதி இருந்த ஜூரி 78 நிமிடங்களில் விடுதலை செய்தது. லீனா பேக்கரின் ஜூரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் உட்பட.

வயது வந்த பெண்ணை வல்லுறவு செய்ததற்கு மரண தண்டனை கூடாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மன்னிப்புக் கேட்டார்களா?

ரொம்பத் தாமதமாக. லீனா பேக்கருக்கு ஜார்ஜியா 2005இல் மன்னிப்பு வழங்கியது, 60 ஆண்டுகள் கழித்து. கல்கூட இல்லாமல் கிடந்த அவர் கல்லறைக்கு 1998இல் அது இருந்த தேவாலயத்தின் சபையார்தான் ஒரு கல் வைத்தார்கள். மார்ட்டின்ஸ்வில் ஏழு பேருக்கு 2021. அலபாமா சட்டமன்றம் ரெசி டெய்லரிடம் 2011இல் மன்னிப்புக் கேட்டபோது அவர் உயிரோடு இருந்தார், 2017இல் 97 வயதில் காலமானார். அந்த 7 பேரில் ஒருவர்மேல்கூடக் கடைசிவரை வழக்குப் பதிவாகவில்லை.

ரெசி டெய்லர் குழுவின் பெயரில் ஏன் "திருமதி" என்று மெனக்கெட்டுச் சேர்த்தார்கள்?

தெற்கில் கறுப்பினப் பெண்ணை யாரும் "திருமதி" என்றோ "மிஸ்" என்றோ சொல்ல மாட்டார்கள். 60 வயது ஆனாலும் வெறும் பெயர், அல்லது "ஆன்ட்டி". நமக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டாம். வயதில் மூத்தவரை ஒரு சின்னப் பையன் "வா, போ" என்று கூப்பிடுவதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

நீதிமன்றக் கூண்டிலும் அதே வழக்கம்தான். 1963இல் அலபாமாவின் காட்ஸ்டன் நகரில், போராட்டத்தில் கைதான சிவில் உரிமைப் பணியாளர் ஒருவர் சாட்சி சொல்ல ஏறினார். பெயர் என்ன என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். மிஸ் மேரி ஹாமில்டன் என்றார். "மேரி, உன்னை யார் கைது செய்தது?" என்று அடுத்த கேள்வி. என் பெயர் மிஸ் ஹாமில்டன், சரியாகக் கூப்பிடுங்கள் என்றார். "யார் கைது செய்தது, மேரி?" சரியாகக் கூப்பிடும் வரை பதில் இல்லை என்றார். பதில் சொல் என்றார் நீதிபதி. அப்போதும் அதே பதில். நீதிமன்ற அவமதிப்பு: 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம்.

நம்மூர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை டீச்சரைக் கூப்பிடும் அதே "மிஸ்"தான். அதற்காக அவர் 5 நாளும் உள்ளே இருந்தார். அபராதத்தை மட்டும் கட்ட மாட்டேன் என்று மேல்முறையீடு செய்தார். அலபாமா உச்ச நீதிமன்றம் அவமதிப்புதான் என்றது. 1964 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல், அந்தத் தண்டனையை ரத்து செய்தது. உத்தரவு சில வரிகள்தான்.